இறப்புச் சான்றிதழில் எழுதப்படும் இரண்டு சொற்கள்: ஃபிஃபா மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

ஃபிஃபா மன்றத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2034 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை நடத்தும் உரிமையை 2024 டிசம்பர் 11 அன்று உங்கள் பேரவை கைதட்டிச் சவூதி அரேபியாவுக்கு வழங்கியது. அந்த நாட்டைத் தவிர வேறு யாரும் களத்தில் இல்லை. அந்தத் தேர்வு முடிந்துபோன ஒன்று. ஆனால் ஐந்து நகரங்களில் திட்டமிடப்பட்டுள்ள பதினைந்து மைதானங்களில் பதினொன்று புதிதாக எழ வேண்டியவை. அவற்றை எழுப்பப் போகிறவர்களில் பெரும்பாலோர் இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை முதலிய நாடுகளிலிருந்து கடன்பட்டு விமானம் ஏறுகிறவர்கள் என்பதால், அவர்கள் பொருட்டு ஒரே ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

2022 உலகக் கோப்பைக்காகக் கத்தாரில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். அங்கு மைதானப் பணிகளில் நேர்ந்த இறப்புகளாகப் போட்டி ஏற்பாட்டுக் குழு 2021 வரை கணக்கில் காட்டியவை நாற்பது. அவற்றில் மூன்று மட்டுமே வேலை தொடர்பானவை; மற்ற முப்பத்தேழும் வேலைக்குத் தொடர்பில்லாதவை என்று அக்குழு வகைப்படுத்தியது. பணியிடத்தில் விழுந்து இறந்தால் அது விபத்து. பகலெல்லாம் வெயிலில் கம்பி கட்டிய இளைஞர் இரவில் விடுதிக் கட்டிலில் உயிர்விட்டால், சான்றிதழில் ‘இயற்கை மரணம்’ என்றோ ‘இதயச் செயலிழப்பு’ என்றோ எழுதிவிட்டு உடலை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இதயம் ஏன் நின்றது என்று யாரும் கேட்பதில்லை. இத்தகைய திடீர் மரணங்களில் உடற்கூறாய்வுக்கு இடமளிக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று கத்தார் அரசே அமர்த்திய டிஎல்ஏ பைப்பர் சட்ட நிறுவனம் 2014இலேயே பரிந்துரைத்திருந்தது. போட்டி தொடங்கிய நாள்வரை அது வழக்கமாகவில்லை.

அந்த இரண்டு சொற்கள் ஒரு குடும்பத்தை என்ன செய்கின்றன என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். வேலையால் நேர்ந்த மரணம் அல்ல என்று ஆனவுடன் முதலாளி தர வேண்டிய இழப்பீடு இல்லாமற்போகிறது. வளைகுடா செல்லும் இந்தியத் தொழிலாளர்களுக்கான பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீட்டுத் திட்டம் தரும் பத்து லட்சம் ரூபாயும் விபத்து மரணத்துக்கே உரியது. ஆகவே அந்தக் கதவும் அடைபடுகிறது. ஏஜென்ட்டுக்குக் கட்ட வாங்கிய கடன் மட்டும் வட்டியோடு வீட்டில் நிற்கிறது. நீங்கள் 2024 நவம்பரில் அறிவித்த ஐந்து கோடி டாலர் கத்தார் மரபு நிதியும் அகதிகள், சுகாதாரம் முதலிய நல்ல நோக்கங்களுக்குப் போனதே தவிர, இந்தக் குடும்பங்களுக்கு இழப்பீடாக வரவில்லை. 2022 டிசம்பர் 18 இரவு லுசைல் மைதானத்தில் அர்ஜென்டினா வென்றதைக் கண்கொட்டாமல் பார்த்து மகிழ்ந்தவன் நான். அந்த மகிழ்ச்சிக்கு யாரோ கொடுத்த விலை இன்னும் தீர்க்கப்படவில்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சவூதியிலும் கணக்கு தொடங்கிவிட்டது. அல் கோபார் மைதானக் கட்டுமானத்தில் 2025 மார்ச் மாதம் பாகிஸ்தானியத் தொழிலாளர் ஒருவர் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். அவருடைய மரணத்தையாவது எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். கட்டிலில் நேரப்போகும் மரணங்களுக்குச் சாட்சி இருக்காது.

ஆகையால் சவூதியுடனான உங்கள் ஏற்பாடுகளில் இதைக் கட்டாய நிபந்தனையாகச் சேர்க்குமாறு வேண்டுகிறேன்: உலகக் கோப்பைப் பணிகளில் ஈடுபட்ட எந்தத் தொழிலாளர் திடீரென இறந்தாலும், குடும்பத்தின் ஒப்புதலோடு உடற்கூறாய்வு செய்யப்பட வேண்டும், வேலைக்குத் தொடர்பில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தையே சேர வேண்டும், காரணம் எதுவானாலும் தொகை வழங்கும் ஆயுள் காப்பீட்டை, ஒப்பந்தக்காரர்கள் மட்டுமன்றி அவர்களுக்குக் கீழே ஆள் அனுப்பும் துணை ஒப்பந்தக்காரர்களும், தொழிலாளர் வேலையில் சேரும் நாளிலேயே எடுத்திருக்க வேண்டும். அடுத்த அடித்தளம் தோண்டப்படும் முன் இந்த நிபந்தனையை எழுத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கால்பந்து இரசிகன் ஒருவன்