முதுகு அளவு கூடியிருக்கிறது கண்ணு

திருப்பூர்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். எழுதினால் இரண்டாவது தடவை படிக்கவாவது கையில் இருக்கும் என்றுதான் இந்தக் கடிதம்.

பொங்கலுக்கு வந்தபோது பிளவுஸுக்கு அளவெடுத்தேன் இல்லையா, அதை வெட்டலாம் என்று நோட்டை எடுத்தேன். நீ காலேஜ் முடித்த வருஷம் எடுத்த அளவும் அதே பக்கத்தில் இருக்கிறது. மார்பு, இடுப்பு, கைச்சுற்று எல்லாம் ஏறக்குறைய அப்படியே. ஆனால் பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு வரைக்கும் முக்கால் இன்ச் கூடியிருக்கிறது. முன்பக்க உயரம் அரை இன்ச் குறைந்திருக்கிறது. வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. உடம்பு போட்டால் சுற்றளவுதான் கூடும். முன்னால் சுருங்கிப் பின்னால் நீண்டால், ஆள் முன்பக்கம் வளைகிறாள் என்று அர்த்தம். டேப்பைப் பிடித்த கைக்கு அன்றைக்கே தெரிந்தது. பண்டிகை நாளில் சொல்ல மனசு வரவில்லை.

கடைக்கு வருகிறவர்களிடம் இதைத் தினமும் பார்க்கிறேன். பழைய பிளவுஸைக் கொடுத்து "இதே அளவுக்குத் தைச்சுக் குடுங்கக்கா" என்பார்கள். தைத்துப் போட்டால் பின்பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும், முன்கழுத்தில் துணி மடிந்து தொங்கும், ஒரு பக்கம் தோளை விட்டு நழுவும். வெட்டினது தப்பு என்று திரும்பக் கொண்டுவருவார்கள். கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நிற்கவைத்துக் காட்டினால்தான் காது எங்கே இருக்கிறது, தோள் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியும். காது தோளுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். பல பேருக்கு மூன்று விரல் கடை முன்னால் போயிருக்கிறது. முன்பெல்லாம் ஐம்பது தாண்டினவர்களுக்குத்தான் முதுகில் கூட்டி, முன்னால் குறைத்து வெட்டுவேன். இப்போது இருபத்தைந்து வயசுப் பெண்களுக்கும் அப்படித்தான் வெட்டுகிறேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் மனசு கஷ்டமாக இருக்கும். யூனிபார்முக்கு அளவெடுக்க வரும் பதின்மூன்று, பதினான்கு வயசுப் பெண்கள் மார்பை மறைக்கத் தோள் இரண்டையும் முன்னால் குவித்துக்கொண்டு நிற்பார்கள். "நல்லா நில்லு சாமி" என்றால் கூச்சத்தில் இன்னும் குறுகுவார்கள். ‘குனிஞ்ச தலை நிமிராத பொண்ணு’ என்று ஊரே பெருமையாகப் பேசினால் பிள்ளை எப்படி நிமிரும்? உன்னை அப்படி வளர்க்கக் கூடாது என்பதில் நானும் உன் அப்பாவும் உறுதியாக இருந்தோம். நீ நிமிர்ந்துதான் வளர்ந்தாய். அந்த நிமிர்வை ஒரு லேப்டாப் கொண்டுபோய்விடக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

பக்கத்து வீட்டு ஆயாவுக்குப் பக்கவாதம் வந்தது உனக்குத் தெரியும். 2021-ல் ஆரம்பித்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பொண்ணு வீட்டுக்கே வந்து ஆயாவுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். அவளிடம் உன் அளவைச் சொல்லிக் கேட்டேன். மனுஷத் தலை நாலரை, ஐந்து கிலோ இருக்குமாம். நேராக இருந்தால் அந்த எடையைத்தான் கழுத்து சுமக்கிறது. போனைப் பார்க்கத் தலையை நன்றாகக் கவிழ்த்து 60 டிகிரி வந்துவிட்டால், கழுத்தின் மேல் இறங்குகிற பாரம் 27 கிலோ வரைக்கும் போகும் என்று 2014-ல் அமெரிக்காவில் ஒரு முதுகெலும்பு டாக்டர் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார். அது கம்ப்யூட்டரில் போட்ட கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும் என்றும் அவளே சொன்னாள்.

அவள் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. விறைப்பாக நேராக உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள் என்றாள். கூன் போட்டு உட்காருகிற எல்லோருக்கும் வலி வருவதில்லை, நேராக உட்காருகிறவர்களுக்கு வராது என்றும் இல்லை. எந்த நிலையாக இருந்தாலும் அதிலேயே மணிக்கணக்காக அசையாமல் இருப்பதுதான் கெடுதல். முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க்குக்குள் ரத்தக்குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய சத்து பக்கத்து எலும்பிலிருந்து ஊறித்தான் போக வேண்டும். அதற்கு உடம்பு அசைந்துகொண்டே இருப்பது நல்லது. பகலெல்லாம் பாரம் தாங்கித் தாங்கி டிஸ்க் நீர் இழந்து தட்டையாகும். ராத்திரி படுத்தால் திரும்ப ஊறும். காலையில் எழுந்திருக்கும்போது நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்போமாம். சாயங்காலம் அளவெடுக்க வருகிறவர்களையும் காலையில் வருகிறவர்களையும் நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

ஆகவே நான் உன்னிடம் "நேரா உக்காரு" என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் ஐந்து நிமிஷம் உட்காருவாய், அதற்கு மேல் உடம்பு தாங்காது. என் தொழிலில் உடம்புக்குத் தகுந்தபடி துணியை வெட்டுகிறோமே தவிர, துணிக்குத் தகுந்தபடி ஆளை வளைப்பதில்லை. உன் மேஜையும் நாற்காலியும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

பிஜி ஹாஸ்டலில் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் தலையணை வைத்து, அதன் மேல் லேப்டாப் வைத்து வேலை பார்க்கிறாய். வீடியோ காலில் உன் பின்னால் தெரிகிற சுவரை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டி இருப்பதுதான் சிக்கல். கைக்குத் தோதாக வைத்தால் கண் கீழே போகும், கண்ணுக்கு நேராகத் தூக்கினால் கை மேலே போகும். அதனால் லேப்டாப்பைத் தடித்த புத்தகங்கள் மேல் தூக்கி வைத்து, திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக வரும்படி செய். தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்கிக்கொள். முழங்கை விலாவை ஒட்டி, எல் வடிவத்தில் மடங்க வேண்டும். பாதம் இரண்டும் தரையில் பட வேண்டும். உனக்கு என்னை மாதிரி குட்டைக் கால். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தொங்கும். கீழே ஒரு பலகையோ பழைய டப்பாவோ போட்டுக்கொள். இடுப்பு வளைவுக்குப் பின்னால் ஒரு டவலைச் சுருட்டி வை.

வெளிச்சத்தையும் பார். இதை யாரும் சொல்லமாட்டார்கள், தையல்காரிக்குத்தான் தெரியும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போட்டு ஹெம்மிங் பண்ணும்போது வெளிச்சம் பத்தாவிட்டால் நம்மை அறியாமல் மூக்கு ஊசிக்குப் பக்கத்தில் போய்விடும். கண் எங்கே இழுக்கிறதோ அங்கே கழுத்து போகும். நான் மெஷினுக்குத் தனியாக லைட் போட்டபின் தோள்வலி பாதி குறைந்தது. உனக்கு வருஷக்கணக்காகப் பழைய கண்ணாடி. பவர் ஏறியிருந்தால் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் உட்காருவாய், எந்த நாற்காலி வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை. முதலில் கண்ணைப் பரிசோதித்துக்கொள்.

அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திரு. தண்ணீர் பாட்டிலைத் தூர வை, போன் வந்தால் நடந்துகொண்டே பேசு. பையை ஒரே தோளில் மாட்டாதே. கழுத்துக்கு அந்தப் பொண்ணு சொல்லிக்கொடுத்த பயிற்சி ஒன்றுதான், நானும் செய்கிறேன். பார்வை நேராக இருக்கட்டும். குனியாமல் நிமிராமல் தாடையை மட்டும் பின்னால் இழு. இரட்டைத் தாடை விழும், பரவாயில்லை. ஐந்து எண்ணிவிட்டு விடு. பத்து தடவை. அதற்குமுன் ஒரு நாள் சுவரில் முதுகும் பிட்டமும் ஒட்டி நின்று பார். தாடையைத் தூக்காமல் பின்மண்டை சுவரைத் தொடுகிறதா என்று பார்த்துச் சொல்.

ஆபீஸில் நாற்காலி சரியில்லை, மானிட்டர் தரவில்லை என்றால் கேட்டு வாங்கு. தயங்காதே. நீ கைக்குழந்தையாக இருந்தபோது நான் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள், அதாவது கரண்டில் ஓடும் தையல் மெஷின், ஓட்டினேன். ஒன்றரை ஷிப்ட். முதுகு சாய்க்கப் பலகை இல்லாத ஸ்டூல். எல்லோருக்கும் ஒரே உயரம். நெட்டையாக இருந்த அக்காமார்கள் மெஷினுக்குள் மடிந்து உட்கார்ந்திருப்பார்கள், குட்டையானவர்கள் நுனியில் தொங்குவோம். சாய ஒரு நாற்காலி கேட்டோம், சாய்ந்தால் தூக்கம் வரும் என்று சொல்லிவிட்டார்கள். உன் சித்தி துணிக்கடையில் நின்று நின்றே காலில் நரம்பு சுருண்டவள். அந்தப் பெண்களெல்லாம் வலியைத் தங்கள் தலையெழுத்து என்றுதான் நினைத்தார்கள். கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் போராடித்தான் 2018-ல் கேரளாவில் உட்காரும் உரிமை சட்டத்தில் வந்தது. 2021-ல் நம் தமிழ்நாட்டிலும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை போட்டே ஆக வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். ஒரு ஸ்டூலுக்காகச் சட்டம் வேண்டியிருந்தது கண்ணு. படித்துவிட்டு ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிற நீ ஒரு மெயில் போட்டுக் கேட்பதற்கு வெட்கப்படலாமா?

அம்மாயியின் கூனைப் பார்த்து உனக்கும் இது பரம்பரை என்று சொன்னாய். அது வேறு. வயசான பெண்களுக்கு எலும்பு தேய்ந்து, முதுகெலும்பு முன்பக்கம் நசுங்கி அப்படி வளைகிறது. அவர் பழக்கத்தால் வளைந்தவர் இல்லை. ஆனால் எலும்பின் கெட்டி முப்பது வயசு வரைக்கும்தான் ஏறும், அப்புறம் இருக்கிறதைக் காப்பாற்றத்தான் முடியும். ராகிக் களியும் கீரையும் பாலும் வெயிலும் உனக்கு இப்போதுதான் வேண்டும். எடை தூக்கிச் செய்கிற உடற்பயிற்சியும் எலும்புக்கு நல்லது. ஜிம்மில் சேரட்டுமா என்று கேட்டாயே, சேர்.

கூட இருக்கிற பெண் கழுத்தை நெட்டி முறித்து விடுகிறாள், சுகமாக இருக்கிறது என்றாய். அதை மட்டும் நிறுத்து. கழுத்தைச் சடாரென்று திருப்பினால், அரிதாக என்றாலும், மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. வெந்நீர் ஒத்தடம் போதும்.

கீபோர்டுக்கும் கண்ணாடிக்கும் உன் கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். திருப்பி அனுப்பாதே. இந்த மாசம் தையல் நன்றாக ஓடுகிறது. பிளவுஸை இப்போதைக்கு உன் புது அளவுக்கே வெட்டுகிறேன். தையலுக்குள் துணி விட்டு வைக்கிறேன், பிரித்துச் சரி பண்ணிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் மறைக்காமல் சொல். போன வாரம் பேசும்போது போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தாய். விரல் மரத்துப்போகிறதா, ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதா? பிடி தளர்ந்து பொருள் ஏதாவது நழுவுகிறதா? அப்படி இருந்தால் நான் மேலே எழுதின பலகை, டவல், பயிற்சி எதுவும் முதலில் வேண்டாம். நாளைக்கே எலும்பு டாக்டரிடம் காட்டு. லீவு கிடைக்காவிட்டால் சொல், நான் ராத்திரி பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா