விலகிப் போனவர்களையும் எண்ணுங்கள்: ட்ரோலிங்கை ஆராயும் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஆறு ஆண்டுகளாக ஓர் இணையக் குழுவில் மட்டுறுத்துநராக (மாடரேட்டராக) இருக்கிறேன். சம்பளமில்லாத வேலை. இரவு படுக்கும் முன் வசைகளை நீக்கி, மூண்ட சண்டையை ஆற்றிவிட்டுத்தான் தூங்கப் போவேன். உங்கள் கட்டுரைகளைத் தேடிப் படிப்பவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

ட்ரோலிங்கை, அதாவது இணையத்தில் பிறரை வேண்டுமென்றே சீண்டிப் புண்படுத்துவதை, ரசித்துச் செய்கிறவர்களிடம் பிறர் வலியில் இன்பம் காணும் குணம் தூக்கலாக இருப்பதாக 2014இல் எரின் பக்கல்ஸ் குழுவினர் எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு, சரி, இது பிறவிக் குணம் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். ஒரு தடித்த சொல்லுக்கே ஆளை வெளியேற்றிய நாட்கள் உண்டு.

என்னை மாற்றியது 2017இல் ஜஸ்டின் செங் குழுவினர் வெளியிட்ட சோதனை. கடினமான வினாக்களால் மனநிலையைக் கெடுத்து, ஏற்கெனவே வசை விழுந்திருந்த விவாதத்துக்குள் ஆட்களை விட்டபோது, அவர்கள் எழுதியவற்றில் 68 சதவீதம் ட்ரோலிங். எளிய வினாக்களும் நாகரிகமான தொடக்கமும் கிடைத்தவர்களிடம் அது 35. பங்கேற்றவர்கள் நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு விவாதத்திலும் முதல் சில கமெண்டுகளைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கிறேன். அப்புறம், ரெட்டிட் என்ற விவாதத் தளத்தின் அறிவியல் குழுவில் நேதன் மத்தியாஸ் செய்த சோதனை. விதிகளை விவாதத்தின் உச்சியிலேயே ஒட்டிவைத்ததும் புதியவர்கள் அவற்றை மீறுவது குறைந்தது, பேச வந்த புதியவர்களும் கூடினார்கள். நாங்களும் அப்படியே ஒட்டிவைத்தோம்.

இவ்வளவு கொடுத்த உங்களிடம் எனக்கு ஒரு குறை இருக்கிறது. பெரும்பாலும் எழுதப்பட்டதைத்தான் எண்ணுகிறீர்கள். எங்கள் குழுவில் ஒரு பெண் வாரம் தவறாமல் எழுதுவார், புதியவர்களின் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வார். ஒருவர் அவரைக் குறிவைத்துப் பின்தொடர்ந்தார். அந்த ஆளின் கமெண்டுகளை நீக்கினேன், கணக்கையும் தடைசெய்தேன். பத்து நாள் கழித்துத்தான் அந்தப் பெண் வருவதையே நிறுத்திவிட்டார் என்று கவனித்தேன். யாராவது எங்கள் பதிவுகளைத் திரட்டினால் வசை நீக்கப்பட்டது தெரியும், குழு அமைதியானது தெரியும். அந்தப் பெண்ணின் மௌனத்துக்கு எந்தத் தரவுத்தொகுப்பிலும் ஒரு வரிசை கிடையாது. அமைதியை வெற்றி என்று கணக்கெழுதும்போது எனக்கு மனம் பதறுகிறது.

நிறுவனங்கள் உங்களுக்குக் கதவை அடைப்பதும் தெரியும். 2023இல் ட்விட்டர் இலவசத் தரவு அணுகலை நிறுத்தியது, 2024 ஆகஸ்டில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, பொதுப் பதிவுகள் பரவுவதைக் கவனிக்க ஆய்வாளர்கள் பயன்படுத்திவந்த கிரௌட்டாங்கிள் என்ற கருவியை மூடியது. அதனால் மட்டுறுத்துநர்களிடம் வாருங்கள். எதை ஏன் நீக்கினோம், எந்த வாரத்தில் யார் பேச்சை நிறுத்தினார் என்பது எங்களுக்குத் தெரியும். கிண்டல், வேண்டுமென்றே வீசும் தூண்டில், கூட்டமாகச் சேர்ந்து ஒருவரைத் தாக்குவது, எல்லாவற்றுக்கும் ட்ரோலிங் என்ற ஒரே பெயரைப் போட்டு எண்ணினால், எதற்கு என்ன செய்வது என்று எங்களுக்குப் புரிவதில்லை. அதையும் சேர்ந்தே பிரித்துப் பார்க்கலாம்.

ஒரு நிபந்தனை உண்டு. எங்கள் உறுப்பினர் ஒருவர் எழுதிய வரிகள், பெயரை மட்டும் நீக்கி, ஓர் ஆய்வுக் கட்டுரையில் அப்படியே வந்தன. அந்த வரியைத் தேடினால் முதலில் வந்தது அவருடைய கணக்கு. தாக்கப்பட்டவரின் சொற்களை எடுக்கும் முன் அவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இதற்குச் சம்மதம் என்றால், விலகியவர்களிடம் முதல் கடிதத்தை நானே எழுதுகிறேன்.

அன்புடன்,
ஒரு மட்டுறுத்துநர்