பட்டறையைப் பார்க்க வருவோரும் கல்லுக்குக் கூலி வாங்குவோரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுலாவும் அனுபவப் பொருளாதாரமும் குறித்து மேலாண்மைப் பேராசிரியர்கள் செய்துவரும் ஆய்வுகளை எடுத்துச் சொல்லும் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். மேல்நிலைப் பள்ளியில் நெடுநாள் வணிகவியல் கற்பித்தவன் நான். என் சித்தப்பா குடும்பத்தார் ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு காரணங்களாலும் கட்டுரையை மறுமுறையும் படித்தேன். அதில் விடுபட்டதாக எனக்குப் பட்ட ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஜோசப் பைன், ஜேம்ஸ் கில்மோர் என்ற இரு மேலாண்மை ஆலோசகர்கள் 1998இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் அனுபவப் பொருளாதாரம் என்ற கருத்தை முன்வைத்தபோது, விளைபொருள், செய்பொருள், சேவை என்று ஏறிவந்த வணிகத்தின் அடுத்த படி அனுபவம் என்றார்கள். இதுவரை கட்டுரையாளர் சரியாகவே விளக்கியிருக்கிறார். ஆனால் அவர்கள் அத்தோடு ஓர் உரைகல்லையும் வைத்தார்கள். உள்ளே வருவதற்கே கட்டணம் வாங்காதவரை ஒருவர் அனுபவத்தை விற்கிறார் என்று சொல்ல முடியாது. எதற்குக் காசு வாங்குகிறோமோ அதுதான் நம் தொழில் என்பது அவர்கள் வாதம். கட்டுரையில் இந்தப் பகுதியைக் காணோம். எங்கள் ஊருக்கு வேண்டியதோ இதுதான்.

செட்டிநாட்டைப் பார்க்க வருகிறவர்கள் ஆத்தங்குடியில் பெரிய வீட்டைக் கட்டணம் கொடுத்துப் பார்த்துவிட்டு, அப்படியே பட்டறைப் பக்கம் வருகிறார்கள். இங்கே கட்டணம் ஏதும் இல்லை. கண்ணாடிப் பலகைமேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, சிமெண்டோடு கலந்த சாயத்தை அறை அறையாகக் கரண்டியால் ஊற்றி, அச்சைக் கை நடுங்காமல் தூக்கி, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை இட்டு மட்டம் செய்வதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். பார்ப்பதற்கு மிக அழகான வேலை என்பதில் எனக்கும் ஐயமில்லை. சூளையே கிடையாது, காய்ந்த கல்லை நாள்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்க வேண்டும்.

சென்ற மாதம் நான் அங்கே இருந்தபோது ஒரு குடும்பம் வந்திருந்தது. கல்லூரிப் பெண் ஒருத்தி, அச்சைத் தூக்கும் நேரத்தில் கைப்பேசி நழுவிவிட்டதால், “அண்ணே, இன்னொரு தடவை தூக்குங்களேன், வீடியோல விழலை” என்றாள். தூக்கிய அச்சை மறுபடி வைத்தால் சாயம் கலங்கிவிடும். கல் வார்ப்பவர் ஒன்றும் சொல்லாமல் வேறொரு கண்ணாடியைத் துடைத்து, அந்தப் பெண்ணுக்காகவே புதிதாக ஒரு கல்லைத் தொடங்கினார். இந்த முறை ஒவ்வொரு கட்டத்திலும் கையை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். எங்கள் பட்டறையில் கூலி கல்லுக்கு இவ்வளவு என்றுதான். அன்று அவருக்கு எத்தனை கல் குறைந்தது என்று நான் எண்ணவில்லை, அவர் எண்ணியிருப்பார்.

அந்தப் பெண்ணைக் குறைசொல்ல மாட்டேன். அனாட் கெய்னன், ரான் கிவெட்ஸ் என்ற இரு வணிகவியல் பேராசிரியர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு, சுகமான கடற்கரை விடுதியை விட்டுப் பனிக்கட்டி விடுதியில் இரவைக் கழிக்கச் சிலர் ஏன் விரும்புகிறார்கள் என்று ஆராய்ந்தது. நேரத்தை வீணாக்கக் கூடாது என்ற முனைப்பு உள்ளவர்கள் அனுபவங்களைச் சேகரித்து, பட்டியலில் ஒவ்வொன்றாக ‘டிக்’ அடிக்கிறார்கள் என்றது அது. பிறருக்குக் காட்டுவதற்கென்றே படம் எடுக்கும்போது, தன் தோற்றம் பற்றிய கவலையால் அந்த அனுபவத்தின் இன்பமே குறைகிறது என்று அலிக்சாண்ட்ரா பராஷும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் எழுதினார்கள். இவை எல்லாம் வந்தவரின் மனத்தை அளப்பவை. பார்க்கப்படுகிறவரின் அரைமணி நேரம் யார் கணக்கில் எழுதப்படுகிறது என்ற கேள்வி இவற்றில் இல்லை. கட்டுரையாளரும் அதைக் கேட்கவில்லை.

முன்பெல்லாம் பட்டறைக்கு வந்தவர் வீடு கட்டுகிறவராக இருப்பார். சதுர அடிக் கணக்குப் பேசி, முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார். அவருக்கு வேலையைக் காட்டுவது விற்பனையின் ஒரு பகுதி. இன்று வருகிறவர்களில் பலருக்குக் கல் தேவையில்லை, தேவைப்பட்டாலும் அந்தக் கனத்தை ரயிலில் ஏற்ற முடியாது. ஆகவே பார்வைக்கு ஒரு விலை வைத்து, அதை நேரே வார்ப்பவர் கையில் கொடுத்துவிடலாம் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். “வீட்டுக்கு வந்தவங்ககிட்ட காசு வாங்குறதாடா?” என்று கேட்டார். வந்தவரை உபசரிப்பதைப் பெருமையாக நினைக்கும் ஊரில் அவருக்கு அது கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் உபசரிப்பவர் அவர், கூலியை இழப்பவர் இன்னொருவர் என்றேன். பதில் வரவில்லை.

விருந்தாளியே ஒரு கல்லை ஊற்றிப் பார்க்கட்டும் என்பது என் இன்னொரு யோசனை. அதிலுள்ள சிக்கல், அந்தக் கல் தொட்டியில் ஊறி முடிவதற்குள் ஊற்றியவர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். பிறகு கூரியரில் அனுப்பலாம். வழியில் உடையாமல் போக வைக்கோல் சுற்றிக் கட்ட வேண்டும், அதற்கும் ஒரு ஆள் கூலி. இரண்டு நாள் கழித்துச் சித்தப்பாவே தொலைபேசியில் அழைத்து, ஆளுக்கு எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டார். வார்ப்பவரிடமே கேளுங்கள், ஒரு கல் கூலிக்குக் குறையாமல் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர் ஒருவர்,
காரைக்குடி.