ஐப்பசிக்குள் மாட்டுத் திடல் முடிய வேண்டும்: நன்கொடை வேண்டுகோள்

அன்பார்ந்த ஊர் மக்களுக்கும், சென்னை, திருப்பூர், சிங்கப்பூர், வளைகுடா என்று பிழைக்கப் போன நம் பிள்ளைகளுக்கும் திடல் கமிட்டியின் வணக்கம்.

புயல் வெள்ளத்தில் ஊர் மாடுகள் ஒதுங்கி நிற்க நாம் எழுப்பும் மேட்டுத் திடலின் வேலை, ஐயனார் துணையோடு சித்திரையில் தொடங்கியது, பாதியில் நிற்கிறது. மண் அடித்தாயிற்று, சரிவில் கருங்கல் பதித்தாயிற்று. கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும் பாக்கி. ஆவணி முடிவதற்குள் 1,50,000 ரூபாய் முன்பணம் வந்தால்தான் கொட்டகைக்கு ஆள் இறக்குவேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடும். அதற்கப்புறம் ஈரத்தில் தூணும் நிற்காது, லாரியும் வராது.

இந்தத் திடல் நேற்று முளைத்ததல்ல. 1952 நவம்பர் 30 புயலில் நாகப்பட்டினம் கரையோரம் வாங்கிய அடிக்குப் பிறகு, நம் தாத்தாமார்கள் குளத்தை ஆழப்படுத்தி, அந்த மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து மேடாக்கினார்கள். யாரிடமும் ஒரு பைசா கேட்கவில்லை. வீட்டுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு மண்வெட்டி. பெண்கள் கஞ்சிக் கலயத்தோடு வந்து, திரும்பும்போது தாங்களும் மண் சுமந்தார்கள். 1977 நவம்பர் 12 புயலில் சுற்றிலும் வெள்ளம் நிற்க, ஊர் மாடுகள் அந்த மேட்டில்தான் பிழைத்தன. அன்றைக்கு அவற்றை ஓட்டிப் போன பெரியவர்கள் சிலர் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். கேட்டால் எந்த மாடு எந்த மூலையில் நின்றது என்று சொல்வார்கள்.

2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டி, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையேறியபோது அந்த மேடு கரைந்துபோய் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. மாடுகள் கொட்டிலிலேயே கட்டிக் கிடந்தன. விடிந்து பார்த்தால், கீழத்தெருவில் ஓர் உம்பளாச்சேரி இனப் பசு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, தென்னை விழுந்த கூரைக்கடியில் கழுத்துக் கயிறு இறுகிச் செத்திருந்தது. பிறந்தபோதிருந்த சிவப்பு நிறம்கூட இன்னும் மாறாத இளங்கன்று பக்கத்தில் நின்று மடியை முட்டிக்கொண்டிருந்தது. கோடியக்கரைக் காட்டில் மான்களும் மட்டக்குதிரைகளும் மடிந்ததையும் நாம் கண்டோம்.

புயலில் வெள்ளம் மட்டுமல்ல, கட்டிய கயிறும், பறக்கும் தகரமும், விழும் மரமும் மாட்டைக் கொல்லும். அதனால்தான் கமிட்டி திடலைச் சுற்றி மரம் வைக்கவில்லை. மூன்று பக்கம் திறந்த, தாழ்ந்த கூரைக் கொட்டகை கன்றுக்கும் ஆட்டுக்கும் சினை மாட்டுக்கும் மட்டும். பெரிய மாடுகள் கயிறில்லாமல் வெளியில் நிற்கும். குதிரை வைத்திருக்கும் நான்கு வீட்டாருக்குத் தனித் தடுப்பு உண்டு. மிரண்ட குதிரை மாட்டுக் கூட்டத்தில் நின்றால் இரண்டுக்கும் ஆபத்து. கடல் நீர் ஏறிக் குளம் உப்பானால் மாட்டுக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்காது. ஒரு மாட்டுக்கு நாளைக்குக் குறைந்தது 30 லிட்டர் என்று வைத்து, 160 மாட்டுக்கும் ஆடு, குதிரைகளுக்கும் மூன்று நாளைக்கு 20,000 லிட்டர் தொட்டி போடுகிறோம். இதைக் குறைக்க முடியாது.

கணக்கு இதுதான். மண் 3,20,000. கருங்கல் 2,10,000. கொட்டகை 4,50,000. தொட்டி, குழாய் 85,000. வைக்கோல், மருந்து, தடுப்பூசிச் செலவு 45,000. மொத்தம் 11,10,000 ரூபாய். வந்தது 7,35,000. இன்னும் 3,75,000 வேண்டும்.

வந்த ஒவ்வொரு ரூபாய்க்கும் எங்கள் நன்றி. முதல் 50,000 ரூபாயைக் கேட்பதற்கு முன்பே அனுப்பிய சிங்கப்பூர் தம்பிகளை ஐயனார் நன்றாக வைத்திருக்க வேண்டும். மகளிர் குழுவினர் வாரச் சேமிப்பிலிருந்து 40,000 கொடுத்தார்கள். டிராக்டர்காரர் மண் அடித்த நாளெல்லாம் டீசல் காசு மட்டும் வாங்கினார். உப்பளத்துக்குக் கூலிக்குப் போகும் அக்காமார்கள் ஒரு நாள் கூலியை அப்படியே கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் உண்டியலை உடைத்துச் சில்லறையாகக் கொட்டினார்கள். எண்ணி முடிக்க எங்களுக்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று. ஒருத்தர் பெயரும் கல்வெட்டில் விடுபடாது.

மனம் பொறுக்காமல் இதையும் சொல்கிறோம். திருவிழாக் கச்சேரிக்கு ஒரே வாரத்தில் பணம் சேர்ந்தது. திடலுக்கு ஐந்து மாதமாக வாசல் வாசலாக நிற்கிறோம். மாடே இல்லை, நான் ஏன் தர வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். உங்கள் பிள்ளை குடித்த பால் எந்த வீட்டு மாட்டுப் பால்? மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசிக் கும்பிட்டுவிட்டு, புயலன்று அதைத் தண்ணீரில் விடலாமா? மண் சுமந்த தாத்தாவின் பேரன் வாசலில் இல்லை என்று சொல்வதைக் கேட்கும்போது எங்களுக்கு நெஞ்சு வலிக்கிறது.

வீட்டுக்கு 2,000 ரூபாய், மாடுள்ள வீட்டுக்கு 3,000 என்று கூட்டத்தில் பேசி முடித்தது. முடியாதவர்கள் முடிந்ததைத் தாருங்கள், இரண்டு தவணையாகவும் தரலாம். பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு நோட்டு கோயில் மண்டபத்தில் இருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

பணம் தர வழியில்லாதவர்கள் ஞாயிறு காலை அரிவாளோடு வாருங்கள். திடலுக்குப் போகும் பாதையில் இன்னும் முள் இருக்கிறது. ஐப்பசிக்குள் ஒரு வண்டி நுழையும் அகலத்துக்காவது அதை வெட்டியாக வேண்டும்.

இப்படிக்கு,
திடல் கமிட்டியார்