அந்தப் படிவத்தில் நான் எழுதிய வரி

சித்தூர்
செப்டம்பர் 3

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். தங்கச்சியின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

உன் பேரன் கேட்ட கேள்வியைக் கடைசியில் எழுதியிருந்தாய். "தலைவர் செத்துட்டார்னு கேட்டு ஜனங்க நிஜமாவே செத்துப்போவாங்களா தாத்தா, இல்ல கட்சிக்காரங்க எழுதிக்கிறாங்களா?" உனக்குப் பதில் தெரியவில்லை, நான் ஆந்திராவில் இருக்கிறேன், எங்கள் முதலமைச்சர் ராஜசேகர ரெட்டி 2009-ல் ஹெலிகாப்டர் விபத்தில் போன சமயத்தில் பக்கத்திலிருந்து பார்த்தவன், அதனால் சொல் என்கிறாய். நாலு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நேற்று செப்டம்பர் 2, அவர் போன நாள். எங்கள் முனையில் இருக்கும் அவர் சிலைக்கு மாலை போட்டுப் பாட்டு வைத்திருந்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தவன், இன்று எப்படியும் எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். இந்த விஷயத்தில் என் கையும் இருக்கிறது. அதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

2009-ல் எங்கள் தெருவில் ஒரு டீக்கடை இருந்தது உனக்கு நினைவிருக்கும். நீ வந்தபோதெல்லாம் அங்கே உட்கார்ந்துதான் பேசுவோம். அந்த அண்ணனுக்கு இரண்டு வருஷமாகவே நெஞ்சு வலி. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆரோக்கியஸ்ரீ இருக்கிறதே என்று நாங்கள் எல்லோரும் தைரியம் சொன்னோம். ஏழைக் குடும்பத்துக்கு 2 லட்ச ரூபாய் வரை அரசாங்கமே கட்டும் திட்டம், 2007-ல் தொடங்கினார் அவர். உங்கள் ஊரில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் 2009 ஜூலையில் வந்தபோது, "எங்களுக்கு இது முன்னாடியே வந்துடுச்சு" என்று நான் உன்னிடம் பெருமை அடித்துக்கொண்டேனே, அதேதான். ஆனால் அதற்கு ஏழைகளுக்குக் கொடுக்கும் வெள்ளை ரேஷன் கார்டு வேண்டும். அண்ணனின் கார்டு ஏதோ ஒரு கணக்கெடுப்பில் ரத்தாகிவிட்டது. ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். இன்று வா, நாளை வா என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ரச்சபண்ட என்று ஒன்றை முதலமைச்சர் தொடங்கப்போவதாகச் செய்தி வந்தது. தெலுங்கு கிராமங்களில் மரத்தடியில் கல் மேடை கட்டியிருப்பார்கள், பஞ்சாயத்து பேசும் இடம். அதற்குத்தான் அந்தப் பெயர். திடீரென்று ஒரு கிராமத்துக்குப் போய் உட்கார்ந்து, திட்டமெல்லாம் வந்து சேர்ந்ததா என்று ஜனங்களிடமே கேட்பது அவர் எண்ணம். முதலில் எங்கள் சித்தூர் மாவட்டம். அண்ணன் என்னிடம் வந்து, "வாத்தியாரே, ஒரு மனு எழுதிக் குடுங்க, அவர் கையிலேயே குடுத்துடறேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். தெலுங்கில், ஒரு பக்கம். கார்டு ரத்தான கதை, நெஞ்சு வலி, இரண்டு பெண் பிள்ளைகள். அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு புதன்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டார்.

அதற்கப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். காலை எட்டரை மணிக்கு மேல் பேகம்பேட்டிலிருந்து ஹெலிகாப்டர் கிளம்பியது. அவரோடு சேர்த்து ஐந்து பேர். ஒன்பதரை வாக்கில் தொடர்பு விட்டுப்போனது. கீழே நல்லமலைக் காடு, மேலே கனத்த மழை மேகம். கியர் பாகத்து எண்ணெய் அழுத்தம் குறைகிறது என்று விமானிகள் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த நிமிடங்களில் மோசமான மேகத்துக்குள் போய்விட்டார்கள், அங்கிருந்து கீழ்நோக்கி அடித்த காற்றில் கட்டுப்பாடு போய்விட்டது என்று பிறகு விசாரணைக் குழு சொன்னது. அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்? டிவியில் தேடுகிறார்கள், தேடுகிறார்கள் என்றே ஓடியது. விமானப்படை, செயற்கைக்கோள், போலீஸ், காட்டை அறிந்த செஞ்சு மக்கள் என்று எல்லோரும் தேடினார்கள். காரில் வந்துகொண்டிருக்கிறாராம் என்றான் ஒருவன். காட்டில் நக்சலைட்டுகள் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்றான் இன்னொருவன்.

அண்ணன் இரவு எட்டு மணிக்குத் திரும்பி வந்தார். முழுக்க நனைந்திருந்தார். அங்கே இருட்டும் வரை யாரும் கலையவில்லையாம். எல்லோர் கையிலும் காகிதம். "வந்துடுவாரு வாத்தியாரே, பாதயாத்திரை நடந்த உடம்பு அது" என்றார். 2003 வெயிலில் சேவெள்ளாவில் தொடங்கி இச்சாபுரம் வரை ஆயிரத்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தவர் அவர். காட்டில் விழுந்தாலும் நடந்தே வந்துவிடுவார் என்று அண்ணன் மட்டுமல்ல, எங்கள் தெருவே நம்பியது. அன்று இரவு யார் வீட்டிலும் டிவியை அணைக்கவில்லை.

மறுநாள் காலை மலை உச்சியில் கண்டுபிடித்தார்கள். பாவுரால குட்ட என்கிறார்கள் அந்த இடத்தை. செய்தி உறுதியானபோது எங்கள் தெருவில் எழுந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. ஒன்று சொல்கிறேன். எதிர் வீட்டுப் பாட்டி, பேத்தியின் இதயத்தில் இருந்த ஓட்டையை அந்தத் திட்டத்தில் அடைத்துக் கொடுத்தார்கள் என்று, வெங்கடாசலபதி படத்துக்குப் பக்கத்தில் அவர் படத்தையும் வைத்துத் தினமும் விளக்கேற்றுகிறவள். அவள் அழவில்லை. பேத்தியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இனிமே இவளுக்கு மருந்து குடுப்பாங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்தக் கேள்விதான் அன்றைய அழுகையில் பாதி என்று எனக்குப் படுகிறது. ஏழைக்கு அரசாங்கம் என்பது சட்டமோ கோப்போ இல்லை, ஒரு முகம். இலவச மின்சாரம், 2 ரூபாய் அரிசி, பிள்ளையின் காலேஜ் ஃபீஸ், 108 வண்டி எல்லாம் அந்த ஒரு முகத்திலிருந்து வருவதாக அவர்களுக்குத் தெரிகிறது. முகம் போனால் எல்லாம் போகும் என்ற பயம். ஜெயலலிதா போய்விட்டார் என்று செய்தி பரவிய 2016 டிசம்பர் 5 சாயங்காலம் நீ போனில் சொன்னாயே, கடை ஷட்டர்கள் மடமடவென்று இறங்கின, ஜனங்கள் பால் பாக்கெட்டுக்கு ஓடினார்கள், அம்மா உணவகத்துப் பெண்கள் "எங்க வேலை இருக்குமா சார்" என்று கேட்டார்கள் என்று. அதே பயம்தான் அதுவும்.

ராஜசேகர ரெட்டி மேல் குறை இல்லை என்று சொல்ல வரவில்லை. அணைக் காண்ட்ராக்ட்டுகள், நில ஒதுக்கீடுகள் பற்றி எவ்வளவோ குற்றச்சாட்டு. உங்கள் பக்கத்துக் கோபமும் எனக்குத் தெரியும். குப்பத்துக்குப் பக்கத்தில் கணேசபுரத்தில் பாலாற்றுக்குக் குறுக்கே அணை என்று அவர் ஆட்சியில் பேச்சு எழுந்தபோது, வாணியம்பாடியே கொதித்தது. நீயும் ஊர்வலத்தில் போனாய். ஆனால் அந்த வியாழக்கிழமை நீ எனக்குப் போன் செய்து, "பாவம்டா, அறுபது வயசுதான்" என்றாய். உன் அம்மாவும் அழுதார்கள் என்றாய். அதை நான் மறக்கவில்லை.

சரி, அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். செய்தி கேட்டதும் கடையை அடைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். சாப்பிடவில்லை. மூன்று மணி வாக்கில் வேர்த்து ஊற்றியது, இடது கை மரத்துப்போனது. அண்ணி ஓடி வந்தாள். 108-க்குப் போன் செய்தோம். ஆனால் ஊரே பந்த். முக்குக்கு முக்கு டயர் எரிகிறது, நடு ரோட்டில் பாறாங்கல். வழி மறித்து நின்றவர்கள் ரௌடிகள் இல்லை. பாதிப் பேர் எனக்குத் தெரிந்த பையன்கள், என்னிடம் படித்தவர்கள், கண் சிவந்து நின்றார்கள். வண்டி வருகிறது என்று புரிந்ததும் அவர்களே ஓடிப்போய்க் கல்லை நகர்த்தினார்கள். ஆனால் ஒரு முனையில் நகர்த்தினால் அடுத்த முனையில் இருக்கிறது. அண்ணன் வண்டியில் ஏறிய பிறகு கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கட்சிக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். அதிர்ச்சியில் இறந்தவர்கள் பட்டியல் எடுக்கிறோம் என்றார்கள். மாநிலம் முழுக்க நூற்றுக்கு மேற்பட்டவர்கள் என்று பேப்பர்கள் எழுதியிருந்தன. அதில் மாரடைப்பும் உண்டு, தாங்களே உயிரை விட்டவர்களும் உண்டு. ஒரு படிவத்தை நீட்டினார்கள். அண்ணிக்குத் தெலுங்கு எழுத வராது. என்னைக் கூப்பிட்டாள். பெயர், வயது, ஊர் எல்லாம் நிரப்பினேன். "மரணத்துக்குக் காரணம்" என்று ஒரு கோடு. அண்ணி மெதுவாகச் சொன்னாள்: "அவருக்கு முந்தியே நோவு இருந்துச்சு. ரோட்டுல நேரமாயிடுச்சு. அதையெல்லாம் எழுதணுமா தம்பி?" வந்தவர் ஒருவர் என் தோளைத் தொட்டு, "ஒரு வரி போதும் மாஸ்டர்" என்றார். கதவோரம் இரண்டு பெண் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தன. நான் எழுதினேன்: முதலமைச்சரின் மரணச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து இதயம் நின்று இறந்தார்.

அந்தப் பட்டியல்கள் அப்புறம் எவ்வளவு தூரம் போயின என்று உனக்குத் தெரியும். 2010 ஏப்ரலில் அவர் மகன் ஜெகன் ஓதார்ப்பு யாத்திரை கிளம்பினார். ஓதார்ப்பு என்றால் ஆறுதல். இறந்தவர்களின் வீடு வீடாகப் போவது. காங்கிரஸ் மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை, எல்லோரையும் ஓரிடத்துக்கு வரவழைத்து உதவி கொடு என்றார்கள். அவர் கேட்கவில்லை. கட்சியை விட்டு வெளியே வந்து 2011-ல் தனிக் கட்சி தொடங்கி, 2019-ல் முதலமைச்சரும் ஆனார். ஒரு சாவு வீட்டு வாசலில் பாயில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வதற்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று அப்போது பார்த்தேன். அந்தக் குடும்பங்கள் அதில் ஆறுதல் அடைந்ததும் நிஜம். அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன்.

என்னை உறுத்துவது வேறு. தாங்களே உயிரை விட்டவர்களையும் அதே பட்டியலில் சேர்த்து, தியாகம் என்று பேசி, பணமும் கொடுத்தால், அடுத்த தலைவர் போகும்போது வாழ்க்கையில் ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் ஒரு பையனுக்கு அது என்ன சொல்லும்? இது ஆந்திராவில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. எம்.ஜி.ஆர். போன 1987-லும், ஜெயலலிதா போனபோதும் உங்கள் பக்கத்திலும் பார்த்தோம். ஜெயலலிதா போனபோது நூற்றுக்கணக்கானோர் என்று கட்சியே கணக்குச் சொல்லி, குடும்பத்துக்கு 3 லட்சம் அறிவித்தது. அந்தப் பணத்தை நம்பி யாரும் சாகவில்லை என்று நீ சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்தக் காரணம் இருந்திருக்கும். கடன், நோய், வீட்டுச் சண்டை, தனிமை. ஒரே வரியில் அது எல்லாம் அழிந்துபோகிறது. அண்ணனின் ரத்தான கார்டைப் பற்றி அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. நடு ரோட்டில் கிடந்த கல்லைப் பற்றியும் கேட்கவில்லை. கேட்க முடியாதபடி செய்தவன் நான்.

பல ராத்திரி யோசித்திருக்கிறேன், நான் எழுதியது பொய்யா என்று. அந்த ஹெலிகாப்டர் வந்து இறங்கியிருந்தால், மனு அவர் கைக்குப் போயிருந்தால், கார்டு கிடைத்திருந்தால் அண்ணன் பிழைத்திருக்கலாம். அப்படிப் பார்த்தால் அந்தச் செய்திதான் அவரைக் கொன்றது. அண்ணியிடம் ஒரு நாள் இதைச் சொன்னேன். "நீங்க எழுதினதுல என் பெரியவ கல்யாணம் நடந்துச்சு, விடுங்க" என்றாள். அவள் விட்டுவிட்டாள். என்னால் முடியவில்லை.

உன் பேரனிடம் என்ன சொல்வாயோ தெரியாது. சின்னப் பையன், அவனுக்கு ஏற்ற மாதிரி சொல். அவனை அழைத்துக்கொண்டு தசரா லீவில் இங்கே வந்துவிடு. காட்பாடியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். டீக்கடையை இப்போது சின்னவள் புருஷன் நடத்துகிறான், இஞ்சி டீ அப்படியே அண்ணன் கை. அந்த மனுவும் என்னிடம்தான் இருக்கிறது. உடம்பைக் குளிப்பாட்டியபோது சட்டைப் பையிலிருந்து எடுத்து அண்ணி என் கையில் கொடுத்தாள். மழையில் நனைந்து மை ஊறிப்போய்விட்டது, ஆனால் முதல் இரண்டு வரியைப் படிக்கலாம். உனக்கும் அவனுக்கும் காட்டுகிறேன்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்