அரிவாள் யார் கையில் இருந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுதத்தைக் காட்டிக் கொள்ளையடித்த வழக்கொன்றில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தண்டனையைக் குறைத்தது என்று செய்தி வரும்போது, ஏன் குறைத்தது என்பது பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. டீக்கடையில் அதைப் படிப்பவர், பணம் விளையாடிவிட்டது என்று சொல்லித் தாளை மடித்து வைத்துவிடுகிறார். தீர்ப்பின் நகலை வாங்கிப் படிக்கும் வரையில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், செக்கானூரணியிலிருந்து உசிலம்பட்டி செல்லும் சாலையில் என் தங்கையையும் அவள் கணவரையும் பொழுது சாயும் நேரத்தில் வழிமறித்த மூவர், ஐந்து பவுன் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். விசாரணை நீதிமன்றம் மூவருக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் கொள்ளைக்குரிய 392, அதன் தண்டனையைக் கடுமையாக்கும் 397 ஆகிய பிரிவுகளின்படி ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது. மேல்முறையீட்டில் முதல் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதலாமவருக்கு மட்டும் அது உறுதியாயிற்று. மற்ற இருவருக்கும் 397 நீக்கப்பட்டு, 392-இன் கீழ் மூன்றாண்டாகக் குறைந்தது.

397-ஆவது பிரிவு ஏழாண்டுக்குக் குறையாத தண்டனையைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் கொள்ளையில் உடன் நின்ற எல்லோரையும் அது பிடிப்பதில்லை. கொடிய ஆயுதத்தைத் தானே பயன்படுத்தியவரை, கொடுங்காயம் விளைவித்தவரை, அல்லது கொலைக்கோ கொடுங்காயத்துக்கோ முயன்றவரை மட்டுமே பிடிக்கும். 1975-இல் பூல்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆயுதத்தால் வெட்டியிருக்க வேண்டும் என்பதும் இல்லை, பார்ப்பவர் அஞ்சும்படி கையில் ஏந்தி நின்றாலே அது பயன்படுத்தியதுதான் என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது. இப்போது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 311-ஆவது பிரிவாக அது அப்படியே தொடர்கிறது. ஆகவே மேல்முறையீட்டில் நீதிபதி தேடியது ஒன்றைத்தான்: அரிவாள் யார் கையில் இருந்தது?

அன்றிரவு காவல் நிலையத்தில் தங்கை நடந்ததை நடந்தபடியே சொன்னாள். ஒருவன் அரிவாளை ஓங்கினான், ஒருவன் வண்டிச் சாவியைப் பிடுங்கினான், மூன்றாமவன் சங்கிலியை இழுத்தான். புகாரை எழுதியவரோ, வழக்கு வலுவாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, ‘மூவரும் அரிவாளைக் காட்டி மிரட்டினார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கூண்டில் ஏறிய தங்கை உண்மையைச் சொன்னாள். போலீஸார் கைப்பற்றிய பொருள்களைக் குறிக்கும் பறிமுதல் மகஜரிலும் ஒரே அரிவாள்தான் இருந்தது. அந்த ஒரு வரி மேல்முறையீட்டில் நிற்கவில்லை. நின்றிருக்கவும் கூடாது என்றே இப்போது நினைக்கிறேன். மூன்றாண்டு போதுமா என்பது வேறு கேள்வி. எனக்கு அது குறைவாகவே படுகிறது.

இன்னொரு தவறு நடக்காமல் தப்பியது. மத்திய சிறையில் நீதித்துறை நடுவர் முன்னிலையில், பலரோடு நிறுத்தப்பட்ட எதிரிகளைச் சாட்சி அடையாளம் காட்டும் அடையாள அணிவகுப்பு நடப்பதற்கு முன்பே, பிடிபட்டவர்களை வந்து பார்த்துவிட்டுப் போகும்படி தங்கையை நிலையத்துக்கு அழைத்தார்கள். காய்ச்சலாக இருந்ததால் அவள் போகவில்லை. போயிருந்தால் அணிவகுப்புக்கு மதிப்பே இருந்திருக்காது, மூவரும் விடுதலையாகியிருக்கக்கூடும்.

எங்கள் குறை வேறு. எதிரிகள் மேல்முறையீடு செய்தால் அறிவிப்பு அரசுத் தரப்புக்குப் போகிறது, பறிகொடுத்தவருக்கு வருவதில்லை. வழக்கு எண் தெரிந்தால் இ-கோர்ட்ஸ் செயலியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். மேல்முறையீட்டுக்குப் புதிய எண் விழும்போது அதை யார் சொல்வது? முதல் தகவல் அறிக்கையில் கைப்பேசி எண் இருக்கிறது. ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். தங்கள் நாளிதழும் இத்தகைய செய்திகளில் எந்தப் பிரிவு நீங்கியது, எதனால் நீங்கியது என்று இரண்டு வரி சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

சங்கிலியை நீதிமன்றம் முன்பே தங்கையிடம் ஒப்படைத்திருந்தது. ஆனால் வழக்கு முடியும் வரை விற்கவோ உருமாற்றவோ மாட்டேன் என்று பிணைப் பத்திரம் எழுதி வாங்கியிருந்தார்கள். அறுந்த சங்கிலியைப் பற்றவைக்காமல் பீரோவில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றோடுதான் அவள் இருந்தாள். மேல்முறையீட்டில் தீர்ப்பாகி மூன்று மாதம் கழித்து, வேறொரு வேலையாக, உயர் நீதிமன்றக் கிளை இருக்கும் ஒத்தக்கடைப் பக்கம் போன உறவினர் ஒருவர் சொல்லித்தான் வழக்கு முடிந்த செய்தியே எங்களுக்குத் தெரிந்தது.

இப்படிக்கு,
ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்,
திருமங்கலம்