டோரயாகியா, சாக்லேட் அப்பமா?

ஆசிரியருக்கு,

பெரம்பூர், வண்ணாரப்பேட்டைப் பக்கம் சில பேக்கரிகளில் 'டோரயாகி' என்னும் ஜப்பானியப் பலகாரம் விற்கிறார்கள். இரண்டு அப்பங்களுக்கு நடுவே சாக்லேட்டைத் தடவிவிட்டால் அது டோரயாகி ஆகிவிடாது. ஜப்பானில் உள்ளே வைப்பது அசுகி என்னும் சிவப்புப் பயற்றுப் பூரணம். நமக்குச் சிவப்புக் காராமணி போதும். நம் கொழுக்கட்டைப் பூரணத்தின் தம்பி என்றே சொல்லலாம்.

200 கிராம் காராமணியை இரவே ஊறவைத்து, முதல் கொதி நீரைக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் துவர்க்கும். குழைய வேகவைத்து மசித்து, 150 கிராம் சர்க்கரை, சிட்டிகை உப்பு சேர்த்துக் கிளற வேண்டும். கரண்டி இழுத்த தடம் வாணலியில் நிற்கும்போது இறக்குங்கள். தளர இருந்தால் அப்பம் ஊறிப் பிய்ந்துவிடும்.

மாவுக்கு: முட்டை 2, சர்க்கரை 80 கிராம், தேன் ஒரு மேசைக்கரண்டி, மைதா 120 கிராம், அரை டீஸ்பூன் சமையல் சோடா, கொஞ்சம் தண்ணீர். அரை மணி நேரம் மூடி வையுங்கள்.

பெரும்பாலோர் கெடுப்பது கல்லில்தான். எண்ணெய் தேங்கினால் மேல்புறம் புள்ளி புள்ளியாகும். துணியால் ஒற்றி எடுங்கள். தீ கூடினால் தேனும் சர்க்கரையும் கருகும், நடு வேகாது. குமிழ்கள் வெடிக்கத் தொடங்கியதும் திருப்புங்கள். மறுபுறம் அரை நிமிடம் போதும். சூடு ஆறும்வரை ஈரத்துணியால் மூடாவிட்டால் ஓரம் வறண்டுவிடும்.

முட்டை சேர்ந்திருப்பதைக் கடைக்காரர்கள் எழுதி வைக்கட்டும். சென்னை வெயிலில் பூரணம் வைத்ததை நாள் முழுக்கக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கவும் வேண்டாம், புளித்துவிடும்.

– ஒரு பலகார மாஸ்டர்,
பழைய வண்ணாரப்பேட்டை